வெப்பகாலப் புல்தரைகளும் களைக்கொல்லி மருந்துகளும்

வீட்டு முன்றில், பள்ளி மைதானம், ஆஸ்பத்திரி வளாகம், நகரப் பூங்கா முதலிய இடங்களில் புல்தரை அமைக்கும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. புல்லை நட்டவர் ஓராண்டுக்குள் சந்திக்கும் தொல்லை களையாகும். கோரையும், புளியாரையும், அம்மான் பச்சரிசியும், தொட்டாற்சுருங்கியும் புகுந்த தரையைக் கையால் சுத்தம் செய்ய ஆள் அகப்படுவது அரிது. அகப்பட்டாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. ஆகவே மருந்துக் கடையை நாடுகிறார்கள். கடைக்காரரும் ‘இது களையைக் கொல்லும், புல்லை ஒன்றும் செய்யாது’ என்று சொல்லி ஒரு புட்டியை எடுத்துக் கொடுக்கிறார். எந்தப் புல்லை என்று அவர் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. புல்தரைகளுக்கு நேரும் நஷ்டத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வி கேட்கப்படாமையால் நேர்வதேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்திலுள்ள புல்தரையைப் பார்வையிடும்படி எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்புறத்தில், வெயில் நன்கு படும் இடத்தில், அறுகம்புல் தரை இருந்தது. பக்கவாட்டில், தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில், அகன்ற இலையுடைய வேறொரு புல் நடப்பட்டிருந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் தோட்டக்காரர் 2,4-டி என்னும் மருந்தைக் கலந்து இரண்டு தரைகளுக்கும் ஒரே தெளிப்பானால், ஒரே முற்பகலில் தெளித்திருக்கிறார். முன்புறத்து அறுகு சிறிது மஞ்சளித்துப் பத்து நாட்களில் தெளிந்துவிட்டது. நிழலில் இருந்த புல்லோ இலை முறுக்கிக்கொண்டு, கொடிகள் தொட்டால் ஒடியும்படியாகி, மூன்றாம் வாரத்தில் பழுப்பாகிக் கிடந்தது. தோட்டக்காரர் அவ்விடத்தில் மட்டும் இரட்டிப்பு மருந்தைக் கொட்டிவிட்டார் என்று முடிவு செய்து அவருடைய கூலியில் பாதியைப் பிடித்துவிட்டார்கள். நான் போனபோது அவர் எவ்வித வாதமும் செய்யாமல், காய்ந்த கொடிகளைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார்.

அவர்மேல் குற்றம் இல்லை. மருந்தின் அளவு இரு பக்கமும் ஒன்றே. புல்தான் வேறு. நிழலில் இருந்தது செயின்ட் அகஸ்டின் புல். அறுகுக்கு இசையும் 2,4-டி அதற்கு இசையாது. வெயில் கடுமையான நாளில் சிறிதும் இசையாது. இதை எழுதிக் கொடுத்தேன். பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்ததாகப் பின்னர் கேள்வியுற்றேன். செத்த புல்லைத் திருப்பிக் கொடுக்க எழுத்தால் ஆகாது.

புல்லை இனங்கண்டுகொள்ளல்

குளிரில் வாடி, வெப்பத்தில் செழித்து ஓடும் புற்களை வெப்பகாலப் புற்கள் என்பர். நம் சமவெளிகளில் தரைக்கு ஏற்றவை இவைகளே. மருந்தைத் தொடுவதற்கு முன் தரையில் இருப்பது இவற்றுள் எது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அறுகை அறியாதார் இல்லை. பிள்ளையாருக்குச் சாத்துவதும், பருத்திக் கொல்லையில் குடியானவர் சபித்துக்கொண்டே கொத்தி எறிவதும் அதுவே. தரைமேல் ஓடுகொடியும் மண்ணுக்குள் தண்டும் ஆகிய இரண்டும் அதற்கு உண்டு. மேலே கருகினாலும் கீழிருந்து துளிர்க்கும். கோல்ப் மைதானங்களில் காணப்படும் நேர்த்தியான வகைகளும் அறுகின் வழி வந்தவையே. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் என்னும் ஊரில் கிளென் பர்ட்டன் என்பார் அறுகை ஆப்பிரிக்க இனமொன்றுடன் கலந்து, 1956-இல் டிஃப்கிரீன் என்பதையும் 1960-இல் டிஃப்வே என்பதையும் வெளியிட்டார். இவை விதை பிடிப்பதில்லை. கொடியைக் கிள்ளி நட்டே பெருக்க வேண்டும்.

செயின்ட் அகஸ்டின் புல்லின் இலை அகலமானது. நுனி கூராக இராமல் படகின் மூக்குப்போல் மழுங்கியிருக்கும். நிழலை மற்றவற்றைவிட நன்கு தாங்கும். இதற்கு மண்ணுக்குள் தண்டு கிடையாது, ஓடுகொடி மட்டுமே. கொடி செத்தால் புல் செத்தது. ஆஸ்திரேலியாவில் இதற்கு ‘பஃபலோ’ என்று பெயர். அமெரிக்காவிலோ அதே பெயர் முற்றிலும் வேறான ஒரு புல்லுக்கு வழங்குகிறது. நாற்றுப் பண்ணைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பி மருந்து வாங்குவது உசிதமன்று என்பதற்கு இதுவே போதும்.

ஜாய்சியா இனத்தைச் சேர்ந்தவை மணிலாப் புல்லும், கடைகளில் கொரியன் புல் என்று விற்கப்படுவதும். விறைப்பான இலை, மெதுவான வளர்ச்சி. சென்டிபீட் என்பது சீன தேசத்துப் புல். ஃபிராங்க் மேயர் சேகரித்த விதையின் மூலம் 1916-இல் அமெரிக்கா சேர்ந்தது. குட்டையான ஓடுகொடி பூரான் ஊர்வது போலத் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. பாஹியா என்பது முரட்டுத் தீவனப் புல். கதிர் இரு கிளையாகப் பிரிந்து நிற்பதால் அறியலாம். நீலகிரியில் காணும் கிக்குயூ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தது.

பொறுத்தல் என்பது என்ன?

களைக்கொல்லி புல்லுக்குள் புகுவதே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. களைக்குள் புகுவது போலவே புல்லுக்குள்ளும் மருந்து புகுகிறது. புல் அதைச் செரித்துவிடுகிறது, அவ்வளவே.

2,4-டியை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது உலக யுத்த காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 1945-இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து, செடிகளின் வளர்ச்சியை நடத்தும் இயற்கைச் சத்தைப்போல் வேஷமிட்டு உள்ளே நுழைகிறது. அகன்ற இலைச் செடிகளில் இது கட்டுக்கடங்காத வளர்ச்சியைத் தூண்ட, தண்டு முறுக்கி, குழாய்கள் நசுங்கிச் செடி மடிகிறது. புல்லினம் இம்மருந்தின் உருவை மாற்றி, சர்க்கரையோடு பிணைத்து, தீங்கற்ற பொருளாக ஒதுக்கிவைக்கும் ஆற்றலுடையது. மக்காச்சோளமும் சோளமும் கரும்பும் அட்ரசின் என்னும் மருந்தைத் தாங்குவதும் இப்படிப்பட்ட ஒரு செரிமானத்தாலேயே.

செரிப்பது ஒரு வேலை. அதற்குப் பலம் வேண்டும். தண்ணீர் காணாமல் சுருண்ட புல், நிழலில் வெளுத்த புல், நேற்றுத்தான் ஒட்ட வெட்டப்பட்ட புல், நட்டு வேரூன்றாத புல் ஆகியவற்றிற்கு அப்பலம் இராது. சென்ற மாதம் தாங்கிய மருந்தை இந்த மாதம் ஏன் தாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் செயின்ட் அகஸ்டின் புல்லின் சுபாவமான பலவீனம் ஒன்று. அடர்ந்த நிழலால் வந்த பலவீனம் மற்றொன்று. ஏப்ரல் வெயில் மூன்றாவது.

செரிமானமின்றித் தாங்கும் வகையும் உண்டு. செதாக்சிடிம் என்னும் மருந்து புற்களையே கொல்லுவது. கொழுப்பு உண்டாவதற்கு வேண்டிய ஒரு நொதியைப் பற்றிக்கொண்டு முடக்குவது. அறுகும் ஜாய்சியாவும் செயின்ட் அகஸ்டினும் அதனால் கெடும். சென்டிபீட் புல்லில் மட்டும் அந்நொதியின் அமைப்புச் சிறிது மாறியிருப்பதால் மருந்து பற்றுவதற்கு இடம் கிடைப்பதில்லை. பூட்டு மாறினால் சாவி நுழையாததைப் போன்றது இது. இத்தகைய தாங்குதல் வெயிலுக்கும் வறட்சிக்கும் அவ்வளவாகத் தளர்வதில்லை. ஆனால் இவ்வித வரம் பெற்ற புற்கள் சிலவே. பெரும்பாலான இடங்களில் நாம் நம்பியிருப்பது புல்லின் செரிமானத்தையே.

எந்த மருந்தை எந்தப் புல் தாங்கும்?

2,4-டியை அறுகும் ஜாய்சியாவும் பாஹியாவும் நன்கு தாங்கும். சென்டிபீட்டும் செயின்ட் அகஸ்டினும் எளிதில் ஊறுபடும். இதற்கு நேர்மாறாக அட்ரசினைச் செயின்ட் அகஸ்டினும் சென்டிபீட்டும் தாங்கும்; வளர்ந்துகொண்டிருக்கும் அறுகு தாங்காது. ஒரே வளாகத்தில் இரு புற்களும் இருந்தால், ஒன்றின் மருந்து மற்றதன் விஷம் என்பதை இதனால் உணரலாம்.

மெட்சல்ஃபியூரானை அறுகும், ஜாய்சியாவும், செயின்ட் அகஸ்டினும், சென்டிபீட்டும் தாங்கும், பாஹியா செத்துப்போகும். பாஹியாவை மற்றத் தரைகளிலிருந்து ஒழிக்கவே அதனை உபயோகிக்கிறார்கள். குயின்க்ளோராக் அறுகுக்கும் ஜாய்சியாவுக்கும் இசையும். ஏனைய இரண்டுக்கும் ஆகாது. டிரைக்ளோபிர் அறுகை ஊறுபடுத்தும். மெசோட்ரையோனின் கதை சுவையானது. பூங்காக்களில் சிவப்புத் தூரிகைபோல் பூக்கும் பாட்டில்பிரஷ் மரத்தடியில் பிற செடிகள் அதிகம் முளைக்காததை 1977-இல் கலிபோர்னியாவில் ஒருவர் கவனித்ததிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் பயன் அது. சென்டிபீட் புல் அதைத் தாங்கும். அறுகோ பச்சையம் இழந்து காகிதம்போல் வெளுத்துவிடும்.

சோடியம் கலந்த ஆர்சனிக் மருந்துகள் முன்னாளில் அறுகந்தரைகளில் ஓராண்டுப் புற்களைக் கொல்ல மிகுதியாகப் பயன்பட்டன. நிலத்தடி நீரில் ஆர்சனிக் சேரும் என்ற அச்சத்தால் அமெரிக்க அரசாங்கம் 2009-இல் அவற்றின் பெரும்பாலான உபயோகங்களை நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. பழைய புத்தகங்களைப் பார்த்து அவற்றைத் தேட வேண்டாம்.

கிளைபோசேட் எப்புல்லையும் விடாது. 1974-இல் வெளிவந்த இம்மருந்தைப் புதுத் தரை அமைக்குமுன் பழைய களைகளை அழிக்கப் பயன்படுத்துவதுண்டு. 2022-இல் மத்திய அரசாங்கம் இதைப் பூச்சி கட்டுப்படுத்தும் தொழிலுக்கு உரிமம் பெற்றவர்கள் மூலமே தெளிக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. தோட்டக்காரர் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லும் பொருள் அன்று அது.

களை முளைக்குமுன் மண்ணில் இடும் மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்டிமெத்தலின் போன்றவை வேர்நுனியைத் தடிக்கச் செய்து வளர்ச்சியை நிறுத்துகின்றன. நிலைத்த தரைக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை; அதன் பழைய வேர் ஆழத்தில் இருக்கிறது. ஆனால் கிள்ளி நட்ட கொடி ஒவ்வொரு கணுவிலும் புதுவேர் இறக்கியே தரையைப் பிடிக்க வேண்டும். அந்த வேரை மருந்து மழுங்கச் செய்தால் கொடி காற்றில் மிதந்துகொண்டே ஓடும். இழுத்தால் கையோடு வரும். தரை முற்றும் மூடி, மூன்று நான்கு முறை வெட்டும் வரை இவ்வகை மருந்தை இடாதிருப்பதே சிலாக்கியம்.

கோரை

நம் தரைகளின் முதல் எதிரி கோரையாகையால் இதனைத் தனியே சொல்ல வேண்டும். கோரை புல்லன்று, தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று பட்டை தெரியும். மண்ணுக்குள் கிழங்குகள் சரமாகக் கோத்திருக்கும். பிடுங்கினால் சரம் அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். கையால் பிடுங்கிக் கோரையை ஒழித்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

ஹாலோசல்ஃபியூரான் என்னும் மருந்து கோரையைக் கிழங்கு வரை சென்று தாக்குகிறது. அறுகு, ஜாய்சியா, செயின்ட் அகஸ்டின், சென்டிபீட் ஆகிய நான்கும் இதனைத் தாங்கும் என்பது இதன் விசேஷம். நம் நாட்டில் இது கரும்பு, மக்காச்சோளம் ஆகிய பயிர்களுக்கெனப் பதிவாகியிருக்கிறது. புல்தரையில் பிரயோகிக்க விரும்புவோர் டப்பியிலுள்ள சீட்டைப் படித்து, வேளாண்மை அலுவலரைக் கலந்துகொண்டே செய்ய வேண்டும்.

அளவைக் கவனியுங்கள். நூற்றுக்கு 75 பங்கு வீரியமுள்ள இம்மருந்தைக் கரும்புக்கு ஏக்கருக்கு 36 கிராம் இடுகிறார்கள். அமெரிக்கப் புல்தரைகளுக்கு விதித்துள்ள உச்ச அளவும் ஏறக்குறைய இதுவே. ஏக்கருக்கு 100 சென்ட் ஆதலால் ஒரு சென்ட் தரைக்கு வேண்டியது 0.36 கிராம். ஐந்து சென்ட் தரைக்கு 1.8 கிராம். இதைச் சமையலறைக் கரண்டியால் அளப்பவர் பல மடங்கு கொட்டிவிடுவார். பொற்கொல்லர் வைத்திருப்பது போன்ற நுண்ணிய தராசு வேண்டும். அது இல்லையெனில் மருந்தையே எடுக்க வேண்டாம். தெளிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் தரையை வெட்டலாகாது. கோரை உடனே சாகாது. இரண்டாம் வாரத்தில் மஞ்சளிக்கும். வாடுவதற்கு மூன்று நான்கு வாரமாகும். பலிக்கவில்லை என்று எண்ணி மறுவாரமே மீண்டும் தெளிப்பவர்கள் தங்கள் புல்லின் செரிமானத்தைச் சோதிக்கிறார்கள். எஞ்சிய கிழங்குகள் முளைத்த பிறகு, ஆறு வாரங்களுக்கு மேல் கழித்து, ஒரு முறை தெளிக்கலாம்.

காலமும் வெப்பமும்

வெப்பகாலப் புற்களைப் பற்றிய சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்தவை. அங்கே பனி விழுந்ததும் அறுகு பழுப்பாகி உறங்கிவிடுகிறது. பச்சை இலை அறவே இல்லாத அந்நாட்களில், அறுகு தாங்காத அட்ரசினையும், ஏன், கிளைபோசேட்டையுங்கூட அத்தரைமேல் தெளித்து, குளிர்காலக் களைகளைக் கொன்றுவிடுகிறார்கள். அவர்கள் நூல்களிலும் சீட்டுகளிலும் ‘உறங்கும் புல்லுக்கு’ என்று எழுதியிருப்பது இதையே குறிக்கும்.

நம் சமவெளியில் அறுகு அவ்வாறு உறங்குவதில்லை. மே மாதத்தில் நீரின்றிப் பழுத்துக் கிடக்கும் தரையைப் பார்த்து, இதுவும் உறக்கமே எனக் கொண்டு தெளிப்பவர் பெரும் பிழை செய்கிறார். அது உறக்கமன்று, பட்டினி. கொடிக்குள் பச்சை ஓடிக்கொண்டிருக்கும். செரிக்கும் பலம் மட்டும் இராது. உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுவதுண்டெனினும், அங்கும் தரைமுழுதும் ஒரு சேர உறங்கிவிட்டதென்று நம்பி விஷத்தைத் தெளிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெப்பத்தைப் பற்றியும் அப்படியே. 2,4-டி முதலிய மருந்துகளை 85 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் தெளிக்க வேண்டாமென்று அந்நாட்டார் எச்சரிக்கிறார்கள். நமக்கு அவ்வெப்பம் ஆண்டில் பெரும்பாலான நண்பகல்களில் கடந்துவிடுகிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் வாரங்களில், மண்ணில் ஈரமும் புல்லில் ஓட்டமும் இருக்கையில், காற்றில்லாத காலை வேளையைத் தேர்ந்துகொள்வதே நமக்கு ஏற்றது. சித்திரை வைகாசியில் களையைக் கத்தரித்து அடக்கி வைத்திருந்தால் போதும்.

தெளிக்கும் முறை

முதலில் வெறும் தண்ணீரைத் தெளிப்பானில் அளந்து ஊற்றி, வழக்கமான நடையில் ஒரு சென்ட் நிலத்தில் தெளித்து, எவ்வளவு செலவாயிற்று என்று பாருங்கள். உதாரணமாக, ஒரு சென்டுக்கு இரண்டு லிட்டர் செலவானால் ஐந்து சென்டுக்குப் பத்து லிட்டர். அதற்குரிய மருந்தை அப்பத்து லிட்டரில் கலக்க வேண்டும். ‘லிட்டருக்கு இத்தனை’ என்று மட்டும் கணக்கிடுவதில் நடை மெதுவானால் மருந்து கூடிவிடும் என்ற அபாயம் உண்டு.

முழுத் தரைக்கும் இடுமுன், கண்ணுக்கு மறைவான மூலையில் இரண்டடி அகலத்தில் மூன்று பட்டைகள் பிடித்து, ஒன்றில் உரிய அளவும், மற்றொன்றில் இரட்டிப்பு அளவும் தெளித்து, நடுப்பட்டையை வெறுமனே விடுங்கள். இரட்டிப்பு எதற்கெனில், தெளிக்கும்போது ஒரு வரி மற்றொரு வரிமேல் ஏறும் இடங்களில் புல் பெறுவது இரட்டிப்பே. மூன்று வாரம் காத்திருந்து பார்த்தபின் மேலே செல்லலாம். இந்த மூன்று வாரம் வீண் என்று ஆஸ்பத்திரி நிர்வாகிகள் என்னிடம் சொன்னார்கள். பழுப்பான பக்கத்தை மீண்டும் நட்டு மூட எட்டு மாதம் ஆயிற்று.

2,4-டி நம் நாட்டில் எஸ்டராகவும், அமீன் உப்பாகவும், சோடியம் உப்பாகவும் விற்கப்படுகிறது. இவற்றுள் எஸ்டர் ஆவியாகிப் பரவும் தன்மையுடையது. அருகில் பருத்தி, தக்காளி, திராட்சை இருக்குமிடத்தில் எஸ்டரை எடுக்கவே கூடாது. பருத்தி மிகச் சிறிதளவு ஆவிக்கே இலை குறுகி வெண்டை இலைபோல் பிளந்து நிற்கும். அலங்காரப் புல்லுக்காக அயலாரின் வெள்ளாமையைக் கெடுத்தவர் என்ற பெயர் வரும். 2,4-டி பிடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் கறிகாய்ச் செடிக்கு உபயோகிக்க வேண்டாம். களைமருந்துக்கென ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிப்பவர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். இலை நன்கு உலரும் வரை குழந்தைகளைத் தரையில் விடலாகாது. வெட்டிய புல்லைப் பசுவுக்கும் ஆட்டுக்கும் போடலாகாது. காய்கறிப் பாத்திகளுக்கு மூடாக்காகவும் பரப்பலாகாது. பிள்ளையார் பூசைக்கென்றும், சாறு பிழிந்து குடிக்கவென்றும் பொதுத் தோட்டங்களில் விடியற்காலையில் அறுகு கிள்ளிச் செல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து தெளித்த செய்தி தெரிய வழியில்லை. ஆகையால் பூங்காவிலோ வளாகத்திலோ தெளிக்கும் நாளுக்கு முந்தின மாலையே, தெளிக்கும் தேதியையும், புல்லைக் கிள்ளக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி, நுழையும் ஒவ்வொரு வழியிலும் பலகை நாட்ட வேண்டும். குறைந்தது இரண்டு முறை தரையை வெட்டிக் கழிக்கும் வரை அப்பலகைகளை எடுக்கலாகாது.